மாட்டாமை

குழந்தைகளைப் பற்றும் நோய்களில் பலவற்றுக்கு இன்று ஏதேனும் ஒரு சோதனை இருக்கிறது. பிறந்து இரண்டு மூன்று நாட்களே ஆன சிசுவின் குதிகாலில் குத்தி எடுக்கப்படும் சில சொட்டு இரத்தம், தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறது. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களின் உயிரணுக்களில் ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கிறது என்று 1959ல் பாரிஸ் நகரில் ஜெரோம் லெஜூனும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள். அதன் பிறகு அதை எண்ணிப் பார்த்தே உறுதி செய்துவிட முடிகிறது. இப்படி எண்ணவோ அளக்கவோ முடியாத குறைபாடு ஒன்றைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். எட்டு வயதுக் குழந்தையின் இரத்தத்தில் அதற்குத் தடயம் கிடையாது. எக்ஸ்ரேயில் கிடையாது. மூளையைப் படம் எடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. மருத்துவர் குழந்தையின் முகத்தை உற்றுப் பார்க்கிறார். நாள் கணக்கில் அதற்குப் பல பரீட்சைகள் வைக்கிறார்கள். பிறகு தாயிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: இவன் வயிற்றில் இருந்தபோது மது அருந்தினீர்களா?

ஆங்கிலத்தில் இதற்கு ஃபீடல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிஸார்டர் என்று பெயர். எஃப்.ஏ.எஸ்.டி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். தாய் அருந்திய மது கருவிலிருக்கும் குழந்தையின் மூளையையும் வளர்ச்சியையும் பாதிப்பதால் உண்டாகும் குறைகளின் தொகுதி அது. தமிழில் நிலைபெற்ற பெயர் ஏதும் இல்லாததால் இக்கட்டுரையில் 'கருநிலை மதுப்பாதிப்பு' என்று எழுதுகிறேன்.

நான் மருத்துவம் படித்தவள் அல்லள். கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறவள். கனடாவின் வின்னிபெக் நகரில் வசிக்கும் என் அக்காவின் வீட்டில் ஒரு சிறுவனோடு இரண்டு மாதம் இருந்திராவிட்டால், இந்தப் பெயரையே நான் கேள்விப்பட்டிருக்க மாட்டேன்.

*

அங்கே 'ஃபாஸ்டர் கேர்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கும் குழந்தைகளை அரசின் பொறுப்பில் எடுத்து, மனமுவந்து முன்வரும் குடும்பங்களில் வளரவிடுகிறார்கள். இது தத்து அன்று. தாய்க்குக் குழந்தையைப் பார்க்கும் உரிமை உண்டு. நிலைமை சீரானால் குழந்தை அவளிடமே திரும்பிப் போகலாம். அக்காவும் அத்தானும் தங்கள் பிள்ளைகள் இருவரும் படிக்க வெளியூர் போன பிறகு இதற்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். 2017 கோடை விடுமுறையில் நான் போனபோது, ஓராண்டாக அவர்களோடு ஓர் எட்டு வயதுச் சிறுவன் இருந்தான். அக்கா அவனைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவாள். நானும் அவனை இங்கே அப்படியே குறிப்பிடுகிறேன்.

தம்பி அவளை 'அம்மா' என்று அழைத்தான். அந்தச் சொல்லின் பொருள் அவனுக்குத் தெரியாது. அத்தானின் தாயார் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் "அம்மா, நல்லா இருக்கியாம்மா" என்று அக்காவிடம் கேட்பதைக் கேட்டு, அதுதான் அவள் பெயர் என்று எடுத்துக்கொண்டிருந்தான். தன் தாயை 'மாம்' என்றான். சனிக்கிழமைதோறும் ஒரு சமூகப் பணியாளரின் முன்னிலையில் இரண்டு மணி நேரம் அவன் மாமைப் பார்த்துவிட்டு வருவான். அந்த இரண்டு சொற்களும் அவனுக்குள் மோதிக்கொண்டதே இல்லை.

பார்ப்பதற்கு அவனிடம் ஒரு குறையும் தெரியாது. கலகலவென்று பேசுவான். தெருவில் போகும் யாரிடமும் போய்ப் பேசிவிடுவான் என்பதுதான் அக்காவின் கவலை. மூன்றாம் நாள் காலை, "மேலே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, காலுறை போட்டுக்கொண்டு வா" என்று அவனிடம் சொன்னேன். "சரி" என்று ஓடினான். பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒரு காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு சன்னல் வழியாக அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வேலைகளில் கடைசியாகச் சொன்னது மட்டும் கையில் நின்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை எட்டாம் வாய்பாட்டைத் தடங்கலில்லாமல் ஒப்பித்தான். திங்கட்கிழமை அவனுக்கு அது முற்றிலும் அந்நியமாகியிருந்தது. புதன்கிழமை தானாகத் திரும்பி வந்தது. சட்டைக் கழுத்தின் உட்புறம் தைத்திருக்கும் சிறு துணித்துண்டு உரசினால் அழுவான். வகுப்பில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டால் மேசைக்கடியில் போய்ப் புகுந்துகொள்வான்.

பள்ளியில் அவனுக்கு மூன்று பெயர்கள் இருந்தன. சோம்பேறி, அடங்காதவன், பொய்யன். மூன்றாவது பெயர் வந்த கதையை அக்கா சொன்னாள். விளையாட்டு மைதானத்தில் உடைந்து கிடந்த ஒரு பொருளைப் பற்றி ஆசிரியை விசாரித்திருக்கிறார். தம்பி விரிவாக ஒரு கதை சொன்னான். அதில் அவனோடு இருந்ததாக அவன் சொன்ன நண்பன் அன்று பள்ளிக்கே வந்திருக்கவில்லை. தப்பித்துக்கொள்வதற்கான பொய் என்றால் இவ்வளவு எளிதில் பிடிபடும் பொய்யை யாராவது சொல்வார்களா என்று அவர்கள் யோசிக்கவில்லை. இக்குறைபாடு உள்ள குழந்தைகளின் நினைவில் இடைவெளிகள் விழுகின்றன. யாராவது கேள்வி கேட்கும்போது அந்த இடைவெளியை மூளை கையில் கிடைத்ததைக் கொண்டு நிரப்பிவிடுகிறது. சொல்கிற குழந்தைக்கு அது நடந்ததாகவே இருக்கும்.

அவனுடைய மதிப்பீட்டு அட்டையில் இப்படி ஒரு குறிப்பு இருந்தது: முயன்றால் செய்யக் கூடியவன், முயல மாட்டான்.

இந்த 'மாட்டான்' என்ற சொல்லைப் பற்றித் தமிழ் படித்தவள் என்ற முறையில் இரண்டு வரி சொல்ல வேண்டும். இன்று "அவன் செய்ய மாட்டான்" என்றால் செய்ய மறுக்கிறான் என்றே கொள்கிறோம். பழந்தமிழில் அச்சொல் இயலாமையைக் குறித்தது. அகராதிகளில் 'மாட்டாமை' என்பதற்கு இன்றும் இயலாமை என்ற பொருளைக் காணலாம். பழைய நூல்களைப் பாடம் நடத்தும்போது மாணவர்கள் இந்த இடத்தில் தவறாமல் இடறுவார்கள். வலிமையற்று நிற்பவன் சொல்வதை, பிடிவாதக்காரன் சொல்வதாகப் படித்துவிடுவார்கள். தம்பியின் பள்ளியில் நடந்ததும் இதுவே. அவன் மாட்டாமையால் நின்ற இடங்களையெல்லாம் அவர்கள் மறுப்பு என்று படித்தார்கள். அதற்குத் தண்டனையும் கொடுத்தார்கள். எதற்காகத் தண்டிக்கப்பட்டோம் என்பதை அவன் மறுநாளே மறந்துவிட்டான். ஆனால் தன்னைத் தண்டிப்பார்கள் என்பதை மறக்கவில்லை.

நோயறிதல் என்பதன் பயனை நான் புரிந்துகொண்டது இந்த இடத்தில்தான். இக்குறைபாட்டுக்கு மருந்து இல்லை. பழுதுபட்டதைத் திரும்பச் செப்பனிடவும் முடியாது. ஆனாலும் பெயர் வேண்டியிருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் ஸ்ட்ரீஸ்குத்தும் குழுவினரும் இக்குறைபாடு உடைய 415 பேரை ஆராய்ந்து 1996ல் ஓர் அறிக்கை அளித்தார்கள். பள்ளியிலிருந்து விலக்கப்படுதல், சட்டத்தோடு மோதிச் சிறைப்படுதல், மனநோய், போதைப் பழக்கம் ஆகியவை அவர்கள் வாழ்வில் மிகுதியாக இருந்தன. இவற்றிலிருந்து அவர்களைக் காத்தவை எவை என்று பார்த்தபோது, நிலையான அன்பான வீடும், ஆறு வயதுக்கு முன்பே கிடைத்த நோயறிதலும் முன்னணியில் நின்றன. தம்பிக்கு அப்போதே இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன.

*

இக்குறைபாடு கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு வியப்பானது. பிரான்ஸின் நாந்த் நகரில் பால் லெமுவான் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும், மதுவுக்கு அடிமையான பெற்றோருக்குப் பிறந்த 127 குழந்தைகளை ஆராய்ந்து 1968ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இக்குழந்தைகள் ஒருவரையொருவர் ஒத்திருக்கிறார்கள் என்பதை அதில் விவரித்தார்கள். வட்டார மருத்துவ இதழ் ஒன்றில் பிரெஞ்சு மொழியில் வந்த அக்கட்டுரை வெளியே அதிகம் கவனிக்கப்படவில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கிறிஸ்டி உல்லலண்ட் என்ற இளம் மருத்துவர், எடை கூடாமல் வாடிய சிசுக்கள் பலருடைய தாய்மார்கள் மதுவுக்கு அடிமையானவர்களாக இருப்பதைக் கவனித்தார். அதைத் தொடர்ந்து கென்னத் லயன்ஸ் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் ஆகியோர் 1973ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். ஒருவருக்கொருவர் உறவில்லாத, மூன்று வெவ்வேறு இனங்களைச் சேர்ந்த எட்டுக் குழந்தைகள். எட்டு முகங்களிலும் ஒரே சாயல். அவ்வாண்டு இறுதியில் வந்த இரண்டாவது கட்டுரையில் அதற்குப் பெயரும் இட்டார்கள்.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, 1967ல், நியூயார்க்கில் ஃபிரிட்ஸ் ஃபுக்ஸ் என்ற மகப்பேற்று மருத்துவரும் அவருடைய குழுவினரும், குறைமாதத்தில் தொடங்கும் பிரசவ வலியை நிறுத்தத் தாயின் இரத்தக் குழாயில் சாராயச் சத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் முறையை வெளியிட்டிருந்தார்கள். 1970களில் அது பரவலாகக் கையாளப்பட்டது. தாய்மார்களின் அறியாமை என்று பின்னாளில் எதைச் சொன்னார்களோ, அது அந்நாளில் மருத்துவத்தின் அறியாமையாகவும் இருந்தது. கர்ப்பிணிகள் மது அருந்த வேண்டாம் என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 1981ல் அறிவுறுத்தினார். புட்டிகளில் எச்சரிக்கை அச்சிடுவது அங்கே 1989 இறுதியில் கட்டாயமாயிற்று. இன்ன அளவு வரை தீங்கில்லை என்று எந்த அளவையும் இன்றுவரை மருத்துவம் வகுத்துச் சொல்லவில்லை.

அந்த முகத்தின் குறிகள் மூன்று. கண்ணின் திறப்பு குறுகியிருக்கும். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் நமக்கெல்லாம் ஓடும் சிறு பள்ளம் இல்லாமல் வழுவழுவென்று இருக்கும். மேலுதட்டின் சிவந்த பகுதி மெலிந்திருக்கும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சூசன் ஆஸ்ட்லியும் ஸ்டெர்லிங் கிளாரனும் ஐந்து படங்கள் கொண்ட ஓர் அட்டையைத் தயாரித்தார்கள். முதல் படத்தில் ஆழமான பள்ளமும் தடித்த உதடும், ஐந்தாவதில் பள்ளமே இல்லாத மெல்லிய உதடும் இருக்கும். மருத்துவர் குழந்தையின் முகத்தருகே அந்த அட்டையைப் பிடித்து ஒப்பிட்டு எண் இடுகிறார். குழந்தை சிரிக்கக் கூடாது. சிரித்தால் உதடு மெலிந்து தெரியும்.

ஆனால் இந்த முகம் எல்லாருக்கும் வருவதில்லை. காத்லீன் சூலிக் என்ற ஆய்வாளர் சுண்டெலிகளிடம் செய்து 1981ல் வெளியிட்ட ஆய்வு இதற்கான காரணத்தைக் காட்டியது. முகத்தின் அச்சு உருவாவது கருவளர்ச்சியின் மிகச் சிறிய காலப்பகுதியில்தான். மனிதக் கருவில் அது ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் வருகிறது. அந்தச் சில நாட்களில் மது சேர்ந்தால் முகம் மாறுகிறது. மற்ற நாட்களில் சேர்ந்தால் முகம் மாறுவதில்லை. மூளையோ ஒன்பது மாதமும் வளர்ந்துகொண்டிருப்பது. எந்த மாதத்திலும் அது பாதிக்கப்படலாம். எனவே இக்குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோரின் முகம் நம் முகத்தைப் போலவே இருக்கிறது. முதலில் முகத்தைக் கொண்டு அறியப்பட்ட நோயில் முகம் இல்லாதவர்களே அதிகம்.

மூன்றாம் வாரம் என்பதை இன்னொரு வகையிலும் நினைத்துப் பார்க்கலாம். மாதவிலக்குத் தள்ளிப்போய் ஒரு வாரம் ஆகியிருக்கும் நேரம் அது. தான் கருவுற்றிருப்பதைப் பெரும்பாலான பெண்கள் அப்போது அறிந்தே இருக்கமாட்டார்கள்.

கனடாவில் 2005ல் வகுக்கப்பட்டு 2016ல் திருத்தப்பட்ட நோயறிதல் நெறிமுறைகள் இதைக் கணக்கில் கொண்டு இரண்டு பிரிவுகள் செய்திருக்கின்றன. ஒன்று முகக்குறிகள் உள்ள வகை, மற்றது முகக்குறிகள் அற்ற வகை. மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர் எனப் பலர் சேர்ந்து அறிவு, மொழி, நினைவு, கவனம், உடலியக்கம், உணர்ச்சிகளை அடக்கியாளுதல், திட்டமிடுதல் என மூளையின் பணிகளைப் பத்துத் துறைகளாகப் பிரித்துச் சோதிக்கிறார்கள். மூன்று துறைகளிலாவது கடுமையான பின்னடைவு இருக்க வேண்டும். அதன் பிறகு இரண்டு பிரிவுகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு வருகிறது. மூன்று முகக்குறிகளும் இருந்தால் தாயிடம் கேட்டு உறுதி செய்யாமலேயே நோயை அறிவிக்கலாம். முகக்குறிகள் இல்லையென்றால், கருவில் மது பட்டது என்பதற்கு உறுதியான சான்று வேண்டும்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நோயை அறிவதையும் அதன் முதற்காரணத்தை அறிவதையும் தனித்தனிப் படிகளாக வைக்கிறது. இங்கே இரண்டாவது படி ஏறாமல் முதற்படி நிறைவு பெறுவதில்லை. தம்பிக்கு முகக்குறிகள் இல்லை. அவன் சோம்பேறியா, மாட்டாதவனா என்பதற்கான விடை அவனுடைய தாயின் வாயில் இருந்தது.

*

அவளிடம் அதற்கு முன்பு இருமுறை கேட்டிருந்தார்கள். இருமுறையும் இல்லை என்றிருக்கிறாள். அவள் பொய் சொல்கிறாள் என்று எல்லாருக்கும் தோன்றியது. ஆனால் கேட்டவர்கள் யார்? குழந்தையைத் திருப்பித் தருவதா என்று முடிவு செய்யும் இடத்தில் இருந்தவர்கள். அவர்களிடம் ஆம் என்று சொல்வதன் விலை அவளுக்குத் தெரிந்திருந்தது.

அக்கா வீட்டு அலமாரியில் மைக்கேல் டாரிஸ் எழுதிய 'தி ப்ரோக்கன் கார்ட்' என்ற நூல் இருந்தது. அறுந்த கொடி என்று சொல்லலாம். இக்குறைபாட்டைப் பொதுமக்கள் அறியச் செய்த நூல் அதுதான் என்பார்கள். டாரிஸ் 1971ல், திருமணமாகாத இளைஞராக இருந்தபோது, மூன்று வயதுப் பூர்வகுடிச் சிறுவன் ஒருவனைத் தத்தெடுத்தார். ஆதாம் என்று நூலில் பெயர் மாற்றிச் சொல்லப்படும் அவனுக்கு என்ன குறை என்பதைத் தந்தை பல ஆண்டுகள் தேடிக் கண்டடைகிறார். 1989ல் வெளிவந்து அமெரிக்க நூல் விமர்சகர்கள் வட்டத்தின் விருதைப் பெற்றது. நாவலாசிரியர் லூயிஸ் எர்ட்ரிக் அவருடைய மனைவி. அவர்தான் முன்னுரை எழுதியிருக்கிறார். இரண்டே இரவுகளில் படித்து முடித்தேன். ஒரு தந்தையின் பரிதவிப்பு அதில் உண்மையாக இருக்கிறது. கூடவே தாயின் மீது ஒரு கோபமும் இருக்கிறது. கர்ப்பிணிகள் குடிக்காதபடி அவர்களை அடைத்துவைக்கலாமா என்ற யோசனை வரை அக்கோபம் போகிறது. நூலின் கடைசியில் ஆதாம் தானே எழுதிய தன் வரலாறு, எழுத்துப் பிழைகளோடு அப்படியே சேர்க்கப்பட்டிருக்கிறது. அவன் யாரையும் குற்றம் சொல்லவில்லை. 1991ல், தன் இருபத்து மூன்றாம் வயதில், அவன் கார் மோதி இறந்தான்.

அடைத்துவைக்கலாமா என்ற கேள்வி வின்னிபெக் நகரிலேயே வழக்காக வந்திருக்கிறது. கருவுற்ற நிலையில் பசை போன்றவற்றை முகரும் பழக்கத்துக்கு அடிமையாகியிருந்த ஒரு பெண்ணைக் கட்டாயச் சிகிச்சையில் வைக்க 1996ல் ஒரு நீதிபதி உத்தரவிட்டார். வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அப்படி உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 1997 அக்டோபரில், ஒன்பது நீதிபதிகளில் எழுவர் தீர்ப்பளித்தார்கள். தண்டனைக்கு அஞ்சும் பெண் முதலில் தவிர்ப்பது மருத்துவரைத்தான் என்பது இத்தகைய வழக்குகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் வாதம். தம்பியின் வழியாக அதன் மறுபாதி எனக்குப் புரிந்தது. அஞ்சுகிற தாய் மறைப்பது தன்னை மட்டும் அன்று, குழந்தைக்கு வேண்டிய விடையையும் சேர்த்தே மறைக்க நேர்கிறது.

குழந்தை நோய்களின் வரலாற்றில் தாய் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவது புதிதன்று. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தாய்மார்கள் பாசமற்றவர்கள், குளிர்ந்து உறைந்தவர்கள், அதனால்தான் குழந்தை உள்ளுக்குள் ஒடுங்கிவிட்டது என்று இருபதாண்டுகளுக்கும் மேலாக மருத்துவ உலகில் நம்பப்பட்டது. சிகாகோவின் புரூனோ பெட்டல்ஹைம் 1967ல் ஒரு நூல் முழுவதும் இதையே எழுதினார். ஆட்டிசம் உள்ள ஒரு மகனுக்குத் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட் அதற்கு முன்பே, 1964ல், இது உடலியல் காரணம் கொண்டது என்று வாதிட்டிருந்தார். ஆனாலும் அந்தப் பழி மறைய வெகு காலம் ஆயிற்று. அங்கே பழி முழுக்கப் பொய். கருநிலை மதுப்பாதிப்பில் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. மது தாயின் உடல் வழியாகத்தான் போகிறது. ஆனால் வழி என்பதும் குற்றம் என்பதும் ஒன்றா? அவளுக்கு ஊற்றிக் கொடுத்தது யார், அவள் எதை மறக்கக் குடித்தாள் என்பதற்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை.

தம்பியின் பாட்டி, பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் வைத்த உறைவிடப் பள்ளி ஒன்றில் வளர்ந்தவர். தாய்மொழி பேசினால் அடி விழுந்த பள்ளிகள் அவை. கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில்தான். தாயின் மடியில் வளராத ஒருத்தி பெற்ற மகள்தான் தம்பியின் தாய். அப்பள்ளிகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015ல் விடுத்த 94 அழைப்புகளில் 33ஆவது அழைப்பு, இக்குறைபாட்டைத் தடுக்கும் திட்டங்களைப் பூர்வகுடி மக்களோடு சேர்ந்து வகுக்கச் சொல்கிறது. இதனால் இது ஓர் இனத்துக்கு உரிய நோய் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். லெமுவான் பார்த்த 127 குழந்தைகளும் நாந்த் வட்டாரத்துக் குழந்தைகள். துன்பமும் மதுவும் சேரும் இடமெல்லாம் இது இருக்கும். துன்பமில்லாத வீட்டு விருந்து மேசையிலும் இருக்கும்.

*

நான் ஊர் திரும்பிய பிறகு, அந்த இலையுதிர் காலத்தில், நகரில் இதற்கென்றே உள்ள ஒரு மையத்தில் தம்பியின் முறை வந்தது. அங்கிருந்த செவிலி கேட்ட விதம் வேறாக இருந்தது என்று அக்கா தொலைபேசியில் சொன்னாள். அவர் முதலில் தாயின் உடல்நலத்தைக் கேட்டார். பிறகு, கருவுற்றிருப்பது எத்தனையாவது வாரத்தில் தெரிந்தது என்று கேட்டார். தெரிவதற்கு முன்பு வார இறுதி நாட்கள் வழக்கமாக எப்படிக் கழியும் என்று கேட்டார். இதில் சொல்வது தம்பிக்கு உதவுவதற்காக மட்டுமே பதிவாகும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டார். கேள்வியில் 'ஏன்' என்ற சொல்லே வரவில்லையாம்.

அவள் பதில் சொன்னாள். மூன்று மாதம் வரை தெரியாது. வெள்ளி, சனி இரவுகள். தெரிந்ததும் விட்டுவிட முயன்றாள். சில வாரம் முடிந்தது, சில வாரம் முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை தம்பியைக் கூட்டிவரப் போன அக்காவிடம் வாகனம் நிறுத்துமிடத்தில் அவளே வந்து இதைச் சொல்லியிருக்கிறாள். "நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். இனிமேல் பள்ளியில் அவனைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டார்கள்தானே?" என்று கேட்டாளாம். அக்காவுக்குப் பதில் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். "நாம் பெற்றவர்கள் நம் பிள்ளைகளுக்காக எதையெல்லாமோ விட்டுக்கொடுத்ததாகச் சொல்லிக்கொள்கிறோம். இவள் தன் பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டாள்" என்றாள் அக்கா என்னிடம். பிறகு இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

2018 தொடக்கத்தில் நோயறிதல் வந்தது. முகக்குறிகள் அற்ற வகை. நினைவு, கவனம், திட்டமிடுதல், உணர்ச்சிகளை ஆளுதல் என நான்கு துறைகளில் கடுமையான பின்னடைவு. பள்ளி அவனுக்கு ஓர் உதவியாளரைக் கொடுத்தது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்வது என்று முடிவாயிற்று. அன்றைய வேலைகளைப் படங்களாக வரைந்து மேசையில் ஒட்டினார்கள். நாற்காலிக் கால்களுக்கு டென்னிஸ் பந்துகளை வெட்டிப் பொருத்தினார்கள். அக்கா எல்லாச் சட்டைகளிலும் கழுத்துத் துணியை வெட்டி எறிந்தாள். வாய்பாடு வராத நாளில் கணிப்பொறி வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். அவன் மூளையில் எதுவும் மாறவில்லை. அவனைச் சுற்றியிருந்தவர்கள் மாறினார்கள்.

இங்கே நம் ஊரில் இதைச் சொன்னபோது, "நம் பெண்கள் குடிப்பதில்லையே" என்றார் உடன் பணியாற்றும் பேராசிரியை. பெருமளவு உண்மைதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, பதினைந்து வயதுக்கு மேற்பட்ட இந்தியப் பெண்களில் மது அருந்துவோர் 1.3 சதவீதம். ஆண்களில் 18.8 சதவீதம். ஆனால் நூற்றுக்கு ஒருத்தி என்பது இந்நாட்டில் சிறிய எண்ணன்று. அதே கணக்கெடுப்பில் அருணாசலப் பிரதேசத்துப் பெண்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் அருந்துவதாகப் பதிவாகியிருக்கிறது. "நம் பெண்கள்" என்ற சொல்லில் இவர்கள் எல்லாரும் விழுந்துவிடுகிறார்கள். கேட்பதே அவமதிப்பு என்று கருதப்படும் இடத்தில் எந்த மருத்துவரும் கேட்க மாட்டார். கேட்காத கேள்விக்கு எந்தத் தாயும் விடை சொல்ல முடியாது. அங்கே பயம் செய்ததை இங்கே மானம் செய்துவிடும். குழந்தை மட்டும் இரண்டு இடத்திலும் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும்.

2024ல் தம்பிக்குப் பதினைந்து வயது நிறைந்தது. அவன் இன்னும் அக்கா வீட்டில்தான் இருக்கிறான். தாய் இப்போது குடிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து அவனோடு சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். அவனுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும், நேரம் போவது தெரியாது. பணத்தை எண்ணத் தெரியும், யார் கேட்டாலும் கொடுத்துவிடுவான். பதினெட்டு வயதில் அவன் அரசின் கணக்கில் வளர்ந்தவனாகிவிடுவான் என்பதுதான் இரண்டு பெண்களுக்கும் இப்போது உள்ள கவலை. அவன் முகத்தைப் பார்த்து யாரும் ஒன்றும் அறிய முடியாது. ஒரு காவலரோ கடைக்காரரோ வீட்டுச் சொந்தக்காரரோ அவனிடம் மூன்று கட்டளைகளை ஒரே மூச்சில் சொல்வார். அவன் "சரி" என்பான். அதன் பிறகு நடப்பது, அவர் அவனை எப்படிப் படிக்கிறார் என்பதைப் பொறுத்தது.